செத்தவீட்டுச் சோற்றுக்கு விழுந்த வரி

இன்று அக்கா இறந்து முப்பத்தோராம் நாள். மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவி, இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு வீடு போய், படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையடியில் வைக்கப்போகிற உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படியான மலர்களில் வரும் கட்டுரைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன். இறந்தவர்கள் எல்லோரும் இன்முகத்தோடு விருந்தோம்பியவர்கள். எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். வாசிக்க வாசிக்க எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அக்காவைப் பற்றி அப்படி ஒன்று எழுத என்னால் முடியாது என்று அவரின் மகளிடம் சொன்னேன். "மாமா, எழுதிறதெண்டால் உண்மையை எழுதுங்கோ. இல்லாட்டி தேவாரத்தை மட்டும் போட்டு பிரிண்ட் பண்ணுவம்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். சிலருக்கு இது பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

அக்கா சாவகச்சேரியில், தபால் கந்தோரில் வேலை செய்த எங்கள் ஐயாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவன். அவர் படித்த பாடசாலை, வலைப்பந்து விளையாடிய காலம், கலியாணம் எல்லாம் இந்த மலரின் மற்றப் பக்கங்களில் படங்களோடு இருக்கின்றன. நான் லண்டனிலிருந்து தொடங்குகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவும் அத்தானும் கைக்குழந்தையோடு இங்கே வந்தார்கள். வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. அத்தான் பகலில் படித்தார், மாலையில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். மூன்றாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் வீடுகளிலிருந்து சோறும் கறியும் வரும். யாரும் கேட்டு வருவதில்லை, யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை. அது இன்னாரின் கருணை என்று ஒருவரும் பேசுவதுமில்லை. இங்கே அத்தானைத் தகனசாலையில் விட்டுவிட்டு வந்த அன்று, குழந்தை பசியில் அழ, அக்கா தானே அடுப்பைப் பற்றவைத்துச் சோறு காய்ச்சினார். கீழ்வீட்டு ஆங்கிலேயக் குடும்பம் வாசலில் பூங்கொத்து வைத்திருந்தது. அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, அவர்களில் குறையில்லை. ஆனால் அத்தானின் நண்பர்கள் என்று பத்துப் பதினைந்து தமிழர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொன்னார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், ரயில் பிடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர்கூட குழந்தை தின்ன ஓர் இறாத்தல் பாண் வாங்கி வரவில்லை. அக்கா இதைக் கோபமில்லாமல்தான் எனக்குச் சொன்னார். கோபப்பட்டவன் நான்.

எண்பதுகளின் நடுவில் நான் அகதியாக வந்து சேர்ந்தேன். கணிதப் பட்டதாரி, கையில் ஒரு பை. அதற்குள் அக்கா அத்தானின் ஆயுள் காப்புறுதிப் பணத்தை முற்பணமாகக் கட்டி ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். பிறகு அந்த வீட்டின் மேல் கடன் எடுத்து ஒரு சாப்பாட்டுக்கடை தொடங்கினார். பன்னிரண்டு மேசை. மத்தியானம் சோறும் கறியும், மாலையில் இடியப்பமும் கொத்துரொட்டியும். சமையல் அக்கா, கணக்கு நான். விற்பனையில் அரசுக்குச் சேரவேண்டிய வற் வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் கட்டுவதும் என் வேலை.

கடை திறந்த சில மாதங்களிலேயே தொழில் கற்றுக்கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களும் சாப்பாட்டுக்கடைக்காரர்கள்தான். "அக்கா, பத்துப் பில்லில மூண்டை மெஷின்ல அடிக்காமல் விடுங்கோ. எல்லாரும் செய்யிறதுதானே" என்றார் ஒருவர். எங்கள் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா கை துடைத்தபடி, "எனக்கு ரெண்டு கணக்கு ஞாபகம் வைக்கேலாது தம்பி. ஒண்டே தலையிடி" என்றார். உத்தமியாக நின்று சொல்லவில்லை, அலுப்பில் சொன்னார். ஆனால் கடை நடந்த காலம் முழுவதும் விற்ற ஒவ்வொரு பிளேட்டும் மெஷினில் அடிக்கப்பட்டது. அடித்தவன் நான், எனக்குத் தெரியும்.

விற்காத பிளேட்டுகளும் இருந்தன. போர் நடந்த அந்தக் காலத்தில் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு ஒரு வீட்டில் தொலைபேசி அடிக்கும், தகப்பன் இல்லை என்று. அடுத்த கிழமை இன்னொரு வீட்டில், மகன் இல்லை என்று. சவம் அங்கே, அழுகை இங்கே. மூன்று அறை வீட்டில் பதினைந்து பேர் இருந்து அழுவார்கள், துக்கம் கேட்க ஐம்பது பேர் வருவார்கள். அக்கா காதுக்குச் செய்தி எட்டினால் போதும், மத்தியான வியாபாரம் முடிய முன்னரே பெரிய சட்டிகள் அடுப்பில் ஏறிவிடும். சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ரசம். நான் கடை வான் வண்டியில் கொண்டுபோய் இறக்குவேன். மூன்று நாளுக்குக் குறையாமல் போகும். தெரிந்தவர், தெரியாதவர், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று பார்ப்பதில்லை. ஒரு சதம் வாங்கியதில்லை.

ஒருமுறை, அரிசிக்குக் கணக்கு வேண்டுமே என்று, சோறு போன வீட்டின் பெயரைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். அக்கா கண்டுவிட்டார். "செத்தவீட்டுப் பேரைக் கடைக் கணக்கில எழுதிறியோ? நீயெல்லாம் மனுசனோ?" என்று அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். அதன்பிறகு நான் எழுதவில்லை. அந்த ஒரு கொப்பி இருந்திருந்தால் வீடு தப்பியிருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு அக்காவிலும் கோபம் உண்டு, அதை மறைத்து எழுத மாட்டேன்.

தொண்ணூறுகள் தொடங்கிய பிறகு ஒரு நாள் வரிக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் முன்பே இரண்டு முறை வந்து சாப்பிட்டுப் பணம் கட்டி, அந்தப் பில் எங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஏறியிருந்தது. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. ஒரு கிலோ அரிசியை அவித்துக் காட்டும்படி அக்காவைக் கேட்டார். வழக்கமாகப் பரிமாறுகிற அளவில் பிளேட்டுகளில் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டார். பிறகு மொத்த விற்பனைக் கடையில் நாங்கள் வாங்கிய அரிசி மூட்டைகளின் பற்றுச்சீட்டுகளை எடுத்தார். இத்தனை மூட்டை அரிசியென்றால் இத்தனை பிளேட் சோறு. இத்தனை பிளேட்டென்றால் இவ்வளவு விற்பனை. எங்கள் மெஷின் காட்டிய விற்பனை அதில் முக்கால் பங்குதான். மீதிக் கால் பங்கை நாங்கள் விற்றுவிட்டு மறைத்தோம் என்பது அவர் முடிவு. அந்தக் கணக்கைப் பழைய வருடங்களுக்கும் பெருக்கினார்.

நான் இரண்டு நாள் இருந்து அவர் கணக்கில் பிழை தேடினேன். பெருக்கலில் பிழை இல்லை. ஐந்து பில்லில் ஒன்றை அடிக்காத கடைகளை அவர் நாள்தோறும் பார்த்து வருகிறவர். எங்களை மட்டும் வேறு சாதி மனிதராக நினைக்க அவருக்கு என்ன காரணம்? அரிசியின் ஒரு பங்கு போன இடம் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவர் கேட்காமலும் விடவில்லை. கடையின் மூலை மேசையில் அக்காவையும் என்னையும் இருத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வீணாகிற சோறு எவ்வளவு, வேலையாட்கள் சாப்பிடுவது எவ்வளவு, இலவசமாக யாருக்காவது கொடுப்பதுண்டா. கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்று பதிவானது. அக்கா கீழே கையெழுத்து வைத்தார். அந்த 'இல்லை' எப்படி வந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்கிறதுக்கெல்லாம் இல்லை என்று சொல்லுங்கோ என்று, வருடக் கணக்கு முடித்துத் தரும் எங்கள் கணக்காளர்தான் பிழையாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது அந்தக் கதை. அதற்காக ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அந்த மனிதரை நாங்கள் எந்தக் கொண்டாட்டத்துக்கும் அழைப்பதில்லை. அவர் மறுத்துப் பார்த்தார், யாரும் நம்பவில்லை.

வரியும் தண்டமும் சேர்ந்து வந்த தொகை வீட்டை விற்றால்தான் கட்டலாம் என்கிற அளவுக்கு இருந்தது. மேன்முறையீடு செய்தோம். சோறு போன வீட்டுக்காரர்கள், இன்ன நாட்களில் எங்களுக்கு இலவசமாகச் சாப்பாடு வந்தது என்று எழுதித் தந்தால் நிலைமை மாறும் என்றார் கணக்காளர். நானும் அக்காவும் இருந்து ஞாபகப்படுத்தி நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளை எண்ணினோம். அக்கா போக மாட்டேன் என்றுவிட்டார். "குடுத்ததுக்குச் சாட்சி கேட்டுப் போறதோ?" என்றார். நான் போனேன்.

சிலருக்கு அகதி வழக்கு முடியவில்லை. சிலர், வீடு தந்த நகர கவுன்சிலுக்கு நான்கு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினான்கு பேர் இருந்தார்கள். அரசாங்கத்துக்குப் போகிற கடிதம் என்றதும் அவர்கள் பேனாவைத் தொடவில்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது மற்றவர்களை: பாஸ்போர்ட்டும் நல்ல வேலையும் இரண்டு காரும் வைத்திருந்தவர்களை. பெயர் எழுத மாட்டேன். இதை வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

விம்பிள்டனில் ஒருவர், ஊர்க் காரியம் கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்கிறவர். அவரின் தகப்பனார் ஊரில் இறந்தபோது ஐந்து நாள் எங்கள் சட்டிகள் லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவர் வீட்டுக்குப் போயின. அவர் மெத்தையிருக்கையில் சாய்ந்திருந்து, "தம்பி, நாங்கள் காசு குடுத்ததாத்தான் எனக்கு ஞாபகம்" என்றார்.

"இல்லை அண்ணை, அக்கா வாங்கேல்லை."

"சீ, நாங்கள் ஆரிட்டயும் சும்மா வாங்கிச் சாப்பிடுற ஆக்களோ? வேணுமெண்டால் காசு குடுத்தனாங்கள் எண்டு எழுதித்தாறன். இப்பவே தாறன்."

அந்தக் கடிதம் போனால் அக்கா மறைத்துத்தான் விற்றார் என்பது அவர் கையாலேயே உறுதியாகிவிடும். அதை விளங்கப்படுத்தினேன். விளங்கியது. ஆனாலும் அந்த ஒரு கடிதம்தான் தருவேன் என்று நின்றார். அவர் மனைவி எனக்கு வடை கொண்டுவந்து வைத்தார். அதைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னொரு வீட்டில் மனைவி, இவரிட்டக் கேட்டுச் சொல்லுறன் என்றார். அடுத்த முறை போனபோது உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. வேறொருவர், அக்கா நல்லவ, ஆனால் சும்மா திண்டனாங்கள் எண்டு எழுத்தில குடுத்தால் நாளைக்குப் பிள்ளையளுக்குச் சம்பந்தம் வாறதோ என்று கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

இவர்களைவிட எனக்குக் கேவலமாகப் பட்டது இன்னொரு கூட்டம். வரிக் கதை வெளியே பரவியதும் கடைக்கு வந்து, கண்ணைச் சிமிட்டி, "உன்ர அக்கா கெட்டிக்காரி. எவ்வளவு ஒதுக்கினவ?" என்று கேட்டவர்கள். அக்கா மறைத்திருப்பார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதில் அவர்களுக்கு மதிப்பு வேறு. அதுவரை அக்காவை அடுப்படிப் பெண் என்று பார்த்தவர்கள், கள்ளி என்று நம்பியதும் கதிரை இழுத்துப் போட்டு இருந்து கதைத்தார்கள். நான் அவர்களைத் திட்டினேன். அவர்கள் அதையும் கெட்டித்தனம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

நாற்பது வீடுகளில் நான்கு கடிதம் கிடைத்தது. ஒன்று மன்னாரைச் சேர்ந்த ஒரு தாயுடையது. மகனை இழந்தவர், தொழிற்சாலையில் துப்புரவு வேலை, வழக்கு முடியாத அகதி. பயப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. கொப்பித் தாளில் தமிழில் தன் கைப்பட எழுதினார். முதல் நாள் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. இரண்டாம் நாள் கத்தரிக்காய், பயத்தங்காய். மூன்றாம் நாள் ரசம் காரமாக இருந்தது என்றுகூட எழுதியிருந்தார். கடைசியில், காசு எவ்வளவு என்று கேட்டேன், அந்த அக்கா என்னோடு கோபித்துக்கொண்டார் என்று முடித்திருந்தார்.

விசாரணை நாளில் அக்காவுக்கு ஓர் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். தீர்ப்பாயத்துக்குத் தலைவராக இருந்த பெண்மணி நான்கு கடிதங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். நாற்பது வீடுகளுக்குச் சோறு அனுப்பினீர்கள் என்றால், அதிகாரி கேட்ட அன்று ஏன் 'இல்லை' என்று சொன்னீர்கள்?  அக்கா, "எனக்கு அண்டைக்குக் கேள்வி சரியா விளங்கேல்லை" என்றார். பக்கத்தில் பட்டதாரியான உங்கள் தம்பி இருந்து மொழிபெயர்த்தாரே என்றார் அந்தப் பெண்மணி. அக்கா முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார். நான்கு வீட்டுச் சோற்றை மட்டும் கழித்துவிட்டு மற்றதெல்லாம் கட்டச் சொன்னார்கள்.

வீடு விற்கப்பட்டது. அக்காவும் மகளும் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தார்கள். சில வருடங்களில் கடையும் போனது. அதன்பிறகு அக்கா ஒரு பாடசாலைச் சமையலறையில், தன்னைவிட இருபது வயது இளையவர்களிடம் ஏவல் கேட்டு வேலை செய்தார். அப்போதும் செய்தி வந்த வீட்டுக்கு ஒரு சட்டி சோறு போனது, பஸ்ஸில். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுக்கும் வரை அது நிற்கவில்லை.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். கணக்காளர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கதையைக் கட்டி உங்கள் எல்லோருக்கும் சொன்னவன் நான். அன்று அந்த மூலை மேசையில், இலவசமாகக் கொடுப்பதுண்டா என்று அதிகாரி கேட்டபோது அக்கா என்னிடம், "என்னவாம் கேக்கிறார்?" என்றார்.

"ஆருக்கும் சும்மா சோறு குடுக்கிறனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு. செத்தவீடுகளுக்கு அனுப்பிறனாங்கள், காசு வாங்கிறேல்லை எண்டு சொல்லு."

நான் அதிகாரியைப் பார்த்து, "நோ" என்றேன்.

ஏன் என்று எனக்கே பல நியாயங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்த வீடு என்று கேட்டால் அந்தச் சனம் மாட்டுப்படும் என்று பயந்தேன், சாக்குச் சொல்வதாக அதிகாரி நினைப்பார் என்று யோசித்தேன், அப்படி இப்படி. எல்லாம் பிறகு கண்டுபிடித்தவை. உண்மை என்னவென்றால் எனக்கு வெட்கமாக இருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய அந்த மனிதருக்கு முன்னால், எங்கள் ஆட்கள் சட்டிச் சோற்றுக்குக் காத்திருக்கிறவர்கள் என்று என் வாயால் சொல்ல எனக்குக் கூசியது. விம்பிள்டன்காரருக்கும் அதே வெட்கம்தான். அவரைப் பார்த்து அருவருத்துக்கொண்டு படியிறங்கியவன் அவரைவிடக் கேவலமானவன். அவர் தன் வீட்டு மானத்துக்காகப் பொய் சொன்னார், நான் அக்காவின் வாயை வைத்துப் பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை இதை அக்காவிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மறித்தார்.

"நோ எண்டது விளங்காமலோ பத்து வருசம் இந்த ஊரில சாமான் வாங்கினனான்?"

"பிறகேன் அக்கா ஒரு வார்த்தை சொல்லேல்லை? விசாரணையிலயாவது?"

"என்னத்தைச் சொல்லுறது? என்ர தம்பி பொய் சொன்னவன் எண்டோ, அந்த மனுசிக்கு?" கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ வெக்கப்பட்டிட்டாய். எனக்கு வீடு போச்சு. சரி, தலகணியைக் கொஞ்சம் உயத்தி வை."

மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தலையணையை உயர்த்தி வைத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அக்காவைக் கடைசிவரை பார்த்த தாதிமாருக்கும், கடிதம் தந்த நான்கு குடும்பங்களுக்கும், விசேடமாக மன்னார் அம்மாவுக்கும் நன்றி. ரெய்னர்ஸ் லேன் கணக்காளர் ஐயாவிடம், இத்தனை வருடம் உங்கள் பெயரைக் கெடுத்ததற்கு இந்தச் சபையறிய மன்னிப்புக் கேட்கிறேன். அக்கா இறந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சோறு வந்தது, முதலில் வந்த சட்டி விம்பிள்டனிலிருந்து வந்தது. அன்று என் வாயால் நன்றி வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த அதிகாரி எங்கே இருக்கிறாரோ தெரியாது. அக்கா சொல்லச் சொன்ன பதிலை அன்று ஆங்கிலத்தில் சொல்லத் துணிவில்லாமல் போனேன். அக்காவைக் கள்ளி என்று நம்பிப் பாராட்டிய உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். ஓம், எங்கள் அக்கா செத்தவீடுகளுக்குச் சோறு அனுப்பினவர். காசு வாங்கவில்லை.